மனம் மாறுவதற்கும் ஒரு விலை உண்டு: பழைய மிரர்லெஸ் கேமரா வாங்குவோர் அறிய வேண்டியவை

ஒரு பொருளை வாங்குவது என்று தீர்மானித்தவர், பணம் கொடுக்கும் முன் மனம் மாறினால் அவருக்கு நட்டம் ஏதும் இல்லை. பணம் கொடுத்த பின் மாறினால் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்து பெட்டியைப் பிரித்த உடனேயே புதிய பொருள் பழைய பொருளாகிவிடுகிறது. மறுநாள் விற்கப் போனால் வாங்கிய விலைக்கு எடுப்பார் இல்லை. ஏற்கெனவே பழையதாகிவிட்ட பொருளுக்கோ இந்த முதல் வீழ்ச்சி முடிந்துவிட்டது. அதை வாங்கியவர் ஓராண்டு கழித்து மனம் மாறினாலும் இழப்பது பெரும்பாலும் சிறு தொகையே.

கேமராவுக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். குளிர்பதனப் பெட்டி வீட்டுக்குத் தேவையா என்று யாரும் ஐயுறுவதில்லை. கேமராவை வாங்குவது விருப்பத்தால். அந்த விருப்பம் மூன்று மாதம் நிற்குமா, முப்பது ஆண்டுகள் நிற்குமா என்பது வாங்குபவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றின் மீது பெருந்தொகையைக் கட்டும்போது, பின்வாங்குவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் இந்த எண் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் வரவு செலவு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கொள்வோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் அம்மையார். மாதம் கைக்கு வருவது 60,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணையும் குடும்பச் செலவும் போக 10,000 ரூபாய் மிஞ்சுகிறது. மூத்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர இருக்கிறாள். அதற்கென்று 2,00,000 ரூபாய் நிரந்தர வைப்பில் இருக்கிறது. ஹம்பி, பாதாமி போன்ற இடங்களுக்குச் சென்று சிற்பங்களையும் மண்டபங்களையும் படமெடுப்பதில் அவருக்கு அண்மைக் காலமாக ஆர்வம் பிறந்திருக்கிறது. கைப்பேசி போதவில்லை. கடையில் பார்த்த புதிய மிரர்லெஸ் கேமராவின் விலை, லென்ஸுடன் 1,50,000 ரூபாய். (இங்கும் இனியும் வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலை மாதத்துக்கு மாதம் மாறும்.)

அவர் முன் உள்ள முதல் வழி கடன். ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில், குறையும் இருப்பு முறைப்படி, 24 மாதங்களுக்குத் தனிநபர் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 7,270 ரூபாய். இரண்டாண்டில் கட்டும் மொத்தத் தொகை 1,74,550 ரூபாய். வட்டி மட்டும் 24,550 ரூபாய். மாதம் மிஞ்சும் 10,000 ரூபாயில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இத்தவணைக்கே போய்விடும்.

ஆறு மாதம் கழித்து ஆர்வம் தணிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேமராவை 1,05,000 ரூபாய்க்கு விற்கிறார். அன்றைய நிலையில் கடன் பாக்கி ஏறத்தாழ 1,16,600 ரூபாய். அதாவது, கேமராவை விற்ற பணம் முழுவதையும் கொண்டுவந்து கட்டினாலும் 11,600 ரூபாய் கடன் மிஞ்சி நிற்கும். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் இருந்தால் அது தனி. கையில் கேமராவும் இல்லை, கடனும் தீரவில்லை. மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களின் கண்ணில் படாத இடம் இதுதான்.

இரண்டாவது வழி, கடன் அட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’. இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே இத்தகைய திட்டங்களைக் குறித்து வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. சுழிய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை, அது வேறு பெயரில் வாடிக்கையாளரிடமே வந்து சேர்கிறது என்பது அதன் சாரம். இன்று நடைமுறையில் உள்ள முறை என்ன? வட்டித் தொகைக்குச் சமமான தள்ளுபடியை விற்பவர் தருகிறார். வங்கி வழக்கம்போல் வட்டி கணக்கிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் கடன் அட்டைத் தவணையின் வட்டி மீது விதிக்கப்படும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை ஈடுசெய்ய எவரும் இல்லை. வட்டி 12,000 ரூபாய் எனில் வரி 2,160 ரூபாய் வாடிக்கையாளருடையது. செயலாக்கக் கட்டணம் ஒன்றும் பெரும்பாலும் உண்டு. முழுத் தொகையையும் ஒரே தடவையில் செலுத்துவோருக்குக் கடைக்காரர் குறைத்துத் தந்திருக்கக்கூடிய தொகையையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, மகளின் கல்விக்கான வைப்பை முறிப்பது. முன்கூட்டி முறித்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பது பல வங்கிகளின் வழக்கம். இந்தச் சிறு இழப்பு பெரிய செய்தி அன்று. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் அந்தப் பணம் கேமராவாக மாறி அலமாரியில் இருக்கும் என்பதே செய்தி. பிறகு அதே கட்டணத்துக்குக் கடன் வாங்க நேரிடும். அப்போது கேமராவுக்கு உண்மையில் வட்டி கட்டுவது கல்விக் கடனின் பெயரில் நடக்கும்.

இம்மூன்றையும் எழுதிப் பார்த்த பின் அந்த அம்மையார் மனம் மாறுகிறார் எனில் அதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், நம்மில் பலர் இந்த இடத்தில் நேராக ‘கேமராவே வேண்டாம்’ என்னும் மறுகோடிக்குப் போய்விடுவதுதான். பிறகு ஓராண்டு ஏங்கிவிட்டு ஒரு பண்டிகைக் காலத் தள்ளுபடியில் பழைய முடிவுக்கே திரும்பிவிடுகிறோம். இடையில் ஒரு வழி இருக்கிறது.

விலை வேறு, செலவு வேறு

ஒரு பொருளுக்கு நாம் கொடுப்பது விலை. அதை வைத்திருந்ததற்கு ஆகும் செலவு வேறு. வாங்கிய விலையுடன் வட்டியையும் பராமரிப்பையும் கூட்டி, திரும்ப விற்கும்போது கிடைப்பதைக் கழித்தால் வருவதே செலவு.

புதிய கேமராவை மூன்றாண்டு வைத்திருந்து 85,000 ரூபாய்க்கு விற்றால், கடன் வட்டி உட்பட அதன் செலவு 89,550 ரூபாய், ஆண்டுக்கு 29,850. அதே வகைக் கேமராவின் முந்தைய மாதிரி ஒன்றைப் பழையதாக 60,000 ரூபாய்க்கு வாங்கி, புதிய பேட்டரி, மெமரி கார்டு, சுத்தம் செய்தல் ஆகியவற்றுக்கு 8,000 ரூபாய் செலவிட்டு, மூன்றாண்டு கழித்து 40,000 ரூபாய்க்கு விற்றால் செலவு 28,000 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 9,300. ஆறு மாதத்தில் மனம் மாறி 52,000 ரூபாய்க்கு விற்றாலும், கேமராவில் இழப்பது 8,000 ரூபாய்தான். கடன் பாக்கி என்று ஒன்று நிற்பதில்லை.

60,000 ரூபாய்க்கு எங்கே போவது? மாதம் 5,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால், 6.5 சதவீத வட்டியில் 62,100 ரூபாய் அளவுக்குச் சேரும். இந்த ஓராண்டு வீணானதன்று. தவணை கட்டும் பழக்கம் பொருள் கைக்கு வரும் முன்பே ஏற்பட்டுவிடுகிறது. வட்டி நம் பக்கம் சேர்கிறது. விரும்பிய மாதிரியின் பழைய விலை இதற்குள் பெரும்பாலும் இன்னும் சற்று இறங்கியிருக்கும். ஆறாம் மாதத்தில் ஆர்வம் அற்றுப்போனால் வைப்பு அப்படியே மகளின் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும். பெருநகரங்களில் கேமராவை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் ஒரு வார இறுதிக்கு அதே மாதிரியை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது, பத்து விமர்சனங்களைப் படிப்பதைவிட மேல் என்பது என் கருத்து. கைக்குக் கனமாக இருக்கிறதா, கண்ணாடி அணிந்த கண்ணுக்குக் காட்சித்திரை தெளிவாகத் தெரிகிறதா என்பவற்றை வேறு எவரும் நமக்காகச் சொல்ல முடியாது.

மிரர்லெஸ் என்றால் என்ன?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே சாய்வான கண்ணாடி ஒன்று உண்டு. அது ஒளியை மேலே உள்ள காட்சித் துளைக்குத் திருப்பும். படமெடுக்கும் கணத்தில் எழும்பி வழிவிடும். மிரர்லெஸ் கேமராவில் அக்கண்ணாடி இல்லை. சென்சார் காண்பதையே ஒரு சிறு மின்திரை நமக்குக் காட்டுகிறது. லென்ஸ் மாற்றக்கூடிய இவ்வகைக் கேமராவைப் பானாசோனிக் நிறுவனம் 2008-இல் ஜி1 என்ற பெயரில் கொண்டுவந்தது. சோனி 2013-இல் ஏ7 வரிசையில் முழுச்சட்ட சென்சாரை இதில் பொருத்தியது. டி.எஸ்.எல்.ஆர். சந்தையின் இரு பெரும் நிறுவனங்களான நிக்கானும் கேனனும் 2018-இல் தத்தம் முழுச்சட்ட மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. அந்த ஆண்டு முதல் வெளிவந்த மாதிரிகளே இன்று பழைய சந்தையில் நல்ல நிலையிலும் எட்டும் விலையிலும் கிடைப்பவை.

கண்ணாடி போனதால் ஒரு நன்மை, வீட்டில் ஏற்கெனவே டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் வைத்திருப்போருக்கு உண்டு. நிக்கானின் பழைய வளையத்திலிருந்து சென்சாருக்கு உள்ள தொலைவு 46.5 மில்லிமீட்டர், புதிய இசட் வரிசையில் அது 16 மில்லிமீட்டர். மிச்சமுள்ள 30.5 மில்லிமீட்டரை ஓர் அடாப்டர் நிரப்பிவிடுகிறது. கேனனில் 44-க்கும் 20-க்கும் இடையிலான 24 மில்லிமீட்டரை அவ்வாறே நிரப்பலாம். எனவே ‘இத்தனை லென்ஸ் வாங்கிவிட்டேன், இனி மாற முடியாது’ என்னும் எண்ணம் முழு உண்மையன்று. ஒரு எச்சரிக்கை மட்டும்: குவியமாக்கும் மோட்டார் தம்முள் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்கள், நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் தானாகக் குவியமாகா. கையால் திருப்ப வேண்டும்.

ஒரு மாதிரியை எடுத்துப் பார்ப்போம்

நிக்கான் இசட்6 என்ற கேமரா 2018-இல் வந்தது. 2020-இல் இசட்6 இரண்டாம் பதிப்பும், 2024-இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. (இதைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம், பாடத்துக்கு வசதியான மாதிரி என்பதால் எடுத்துக்கொண்டேன்.) மூன்று பதிப்புகளிலும் படத்தின் அளவு ஏறத்தாழ 24.5 மெகாபிக்சல்தான். ஆறாண்டுகளில் அந்த எண் மாறவில்லை. நகரும் பொருளைத் துரத்திக் குவியமாக்கும் திறன், தொடர் படங்களின் வேகம், வீடியோ வசதிகள் ஆகியவையே மேம்பட்டன. ஓடும் விளையாட்டு வீரரையோ பறக்கும் பறவையையோ எடுப்பவருக்கு அந்த மேம்பாடு பெரிது. நின்ற இடத்தில் நிற்கும் சிற்பத்தை எடுப்பவருக்கு அது ஏறத்தாழ ஒன்றுமில்லை. 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் உயர்தர அளவில் அச்சிட்டால் 20 அங்குல அகலமும் 13 அங்குல உயரமும் வரும். நம் வீட்டுச் சுவரில் அதைவிடப் பெரிய படத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நம் அம்மையாருக்கு முக்கியமான வசதி வேறொன்று. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவிடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். குகைக் கோயிலின் மங்கிய ஒளியில் கையில் பிடித்தே எடுத்தாக வேண்டும். இசட்6-இன் முதல் பதிப்பிலேயே கை நடுக்கத்துக்கு ஏற்பச் சென்சாரே நகர்ந்து ஈடுசெய்யும் அமைப்பு இருக்கிறது. அவர் கேட்ட வேலையை ஏழெட்டு ஆண்டுப் பழைய கேமரா செய்துவிடும். தமக்கு வேண்டிய வேலை எது என்று முதலில் எழுதிவைத்துக்கொள்பவருக்குப் பழையது வாங்குவது எளிது. ‘இருப்பதில் சிறந்தது’ என்று தேடுபவருக்கு எந்தக் கேமராவும் அடுத்த ஆண்டே குறைபட்டுவிடும்.

மறைந்திருக்கும் செலவும் இதே மாதிரியில் உண்டு. முதல் பதிப்பில் மெமரி கார்டுக்கு ஒரே ஒரு துளைதான். அதுவும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் எஸ்.டி. கார்டை ஏற்காது. எக்ஸ்.க்யூ.டி. என்னும் விலை உயர்ந்த கார்டு வேண்டும். பின்னர் வந்த மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு சி.எஃப்.எக்ஸ்பிரஸ் கார்டையும் ஏற்கும். இரண்டாம் பதிப்பில்தான் எஸ்.டி. கார்டுக்கு இடம் வந்தது. கார்டையும், அதைக் கணினியில் படிக்கும் கருவியையும் சேர்த்து விலை பேசாதவர், மலிவாக வாங்கினேன் என்ற மகிழ்ச்சியை அன்று மாலையே இழப்பார். பேட்டரியும் அப்படியே. மின்திரை எப்போதும் எரிவதால் மிரர்லெஸ் கேமராவுக்கு மின்சாரப் பசி அதிகம். நிக்கானின் டி7500 என்னும் டி.எஸ்.எல்.ஆர்., தொழில்தர அளவீட்டின்படி ஒரு பேட்டரியில் 950 படங்கள் எடுக்கும். இசட்6 காட்சித்திரை வழியாக 310 படங்கள். ஒரு நாள் சுற்றுலாவுக்கு இரண்டு பேட்டரியாவது வேண்டும். பழைய லென்ஸைச் சோதித்து அஞ்சாமல் வாங்கலாம். பழைய பேட்டரிக்குத் தனியாக விலை கொடுக்கவே கூடாது.

கையில் எடுத்துச் சோதிப்பது

செகண்ட் ஹேண்ட் கேமராவைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் கேட்பது, ‘ஷட்டர் கவுன்ட் எவ்வளவு?’ என்பதுதான். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்னும் அந்த எண் பயனுள்ளதே. இசட்6-இன் ஷட்டர் 2,00,000 முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. 30,000 முறை இயங்கியது என்றால் அதன் ஆயுளில் பெரும்பகுதி மிச்சம். நிக்கான் கேமராவில், எடுத்த படத்தின் கோப்பிலேயே இந்த எண் பதிவாகிறது, கணினியில் படித்துக்கொள்ளலாம். ஆனால் மிரர்லெஸ் கேமராவில் இந்த எண்ணை மட்டும் நம்புவது போதாது. வீடியோ எடுக்கும்போது ஷட்டர் இயங்குவதில்லை. மின்னணு ஷட்டரில் அமைதியாக எடுத்த படங்களுக்கும் இயந்திர ஷட்டர் தேய்வதில்லை. திருமண மண்டபங்களில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வீடியோ எடுத்து உழைத்த கேமரா, மிகக் குறைந்த எண்ணைக் காட்டியபடி சந்தைக்கு வரக்கூடும்.

அத்தகைய உழைப்பு வேறிடங்களில் தெரியும். எச்.டி.எம்.ஐ. கம்பியும் ஒலிவாங்கிக் கம்பியும் சொருகும் துளைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கம்பியைச் சொருகி அசைத்துப் பார்க்க வேண்டும். மேலே ஃப்ளாஷ் பொருத்தும் தண்டவாளம் தேய்ந்து பளபளக்கிறதா, அடியில் முக்காலி திருகும் மரை சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடை நிகழ்ச்சிகளிலும் நடன அரங்குகளிலும் சுழலும் லேசர் விளக்கு நேராகப் பட்டால் சென்சாரில் நிலையான புள்ளியோ கோடோ விழுந்துவிடும். அதைச் சரிசெய்ய முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். லென்ஸை மூடியால் மூடிவிட்டு சில நொடிகள் ஷட்டரைத் திறந்துவைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கறுப்புப் பரப்பில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் காட்டிக்கொடுக்கும். பிறகு வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எஃப்16 துளையளவில் ஒரு படம் எடுக்க வேண்டும். கறுப்பு மங்கல்கள் தெரிந்தால் பெரும்பாலும் தூசி. சுத்தம் செய்யலாம், விலையில் குறைத்துக் கேட்கலாம். கீறல் எனில் வாங்காமல் திரும்புவதே நன்று. கண்ணாடித் திரை இல்லாததால் லென்ஸைக் கழற்றியதும் பல மாதிரிகளில் சென்சார் வெளியே தெரியும். கவனமற்ற கைகளில் இருந்ததா என்பது அங்கேயே புலப்படும்.

அணைத்த கேமராவை மெல்ல அசைத்தால் உள்ளே ஏதோ ஆடும் ஓசை சில மாதிரிகளில் கேட்கும். நடுக்கத்தை ஈடுசெய்யும் சென்சார் கட்டற்றிருப்பதன் ஓசை அது. பல மாதிரிகளில் இது இயல்பு. அதைப் பழுது என்று எண்ணி நல்ல கேமராவை விட்டுவிட வேண்டாம். வாங்க இருக்கும் மாதிரியில் இது உண்டா என்று முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

லென்ஸில் பார்க்க வேண்டியது பூஞ்சை. மும்பை, கொல்கத்தா, சென்னை, கேரளம் என ஈரக்காற்று மிகுந்த இடங்களில் ஆண்டுக்கணக்கில் தோல் பையிலோ அலமாரியிலோ கிடந்த லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் படரும். கைப்பேசி விளக்கை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் தெரியும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடக்கூடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தனியாரிடமா, கடையிலா?

டெல்லி சாந்தினி சௌக்கில் உள்ள கூச்சா சௌத்ரி, கொல்கத்தா எஸ்பிளனேடின் மெட்ரோ சந்து ஆகிய இடங்களில் கேமராக் கடைகள் வரிசையாக உள்ளன. பல நகரங்களில் பழைய கேமராவைச் சோதித்து, சில மாத உத்தரவாதத்துடன் விற்கும் கடைகளும் உண்டு. அதே கேமரா தனியாரிடம் 52,000 ரூபாய்க்கும் கடையில் ஆறு மாத உத்தரவாதத்துடன் 60,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது எனில், அந்த 8,000 ரூபாயைக் காப்பீட்டுப் பிரிமியமாகக் கருதிப் பார்க்கலாம். மேலே சொன்ன சோதனைகளைத் தாமே செய்யத் தெரிந்தவருக்கு அது தேவையில்லாத பிரிமியம். முதன்முறை வாங்குபவருக்கு அது நியாயமான விலை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் உத்தரவாதம் ரசீதில் எழுத்தாக இருக்க வேண்டும். எந்தப் பாகங்களுக்கு, யார் பழுது பார்ப்பார், பணம் திரும்பக் கிடைக்குமா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

வரியைப் பற்றி ஒரு சொல். டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தம் சொந்தக் கேமராவை விற்கும் தனிமனிதர் ஜி.எஸ்.டி. வசூலிப்பதில்லை. பழைய பொருள் வாணிபம் செய்யும் கடை, உள்ளீட்டு வரி வரவு எடுக்காத பொருளாயின், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீது மட்டும் வரி செலுத்தும் முறையைப் பின்பற்றலாம். 50,000 ரூபாய்க்கு வாங்கி 60,000 ரூபாய்க்கு விற்றால் வரி அந்த 10,000 ரூபாயின் மீதே.

உரிமை வரியைவிட முக்கியம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவின் பொது விதி, தமக்கு இல்லாத உரிமையை எவரும் பிறருக்கு விற்க முடியாது என்பது. திருட்டுப் பொருளை நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும் உண்மையான உரிமையாளர் கேட்டால் பொருள் அவருக்குப் போகும். நம் பணத்துக்கு விற்றவரைத் தேட வேண்டும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஆகவே முதல் ரசீதைக் கேட்க வேண்டும்; அதில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ரசீது தொலைந்துவிட்டது எனில், விற்பவரின் பெயர், முகவரி, வரிசை எண், தொகை, தேதி, ‘இது என் சொந்தப் பொருள்’ என்னும் உறுதி ஆகியவை கொண்ட கையெழுத்திட்ட சீட்டையாவது பெற வேண்டும். இந்தியாவுக்கான உத்தரவாதம் இன்றி வெளிநாட்டிலிருந்து வந்த கேமராக்களும் சந்தையில் உண்டு. இங்குள்ள சேவை மையம் அவற்றை ஏற்குமா என்பதை வரிசை எண்ணைச் சொல்லி விசாரித்துக்கொள்ளலாம்.

பணம் செலுத்தும் கணம்

நேரில் பார்த்துச் சோதித்த பின்னரே பணம். முன்பணமும் வேண்டாம். ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, பொருளைப் பார்சலில் அனுப்புகிறேன், கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்னும் கதை நாடெங்கும் பலரை ஏமாற்றிய கதை. அடையாள அட்டையின் படம் அனுப்பினால் அது சான்று ஆகாது. சந்தை விலையில் பாதிக்குக் கேமரா கிடைக்கிறது என்றால், அங்கே கேமரா இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு.

சந்திக்கும் இடம் பகல் நேரத்துப் பொது இடமாக இருக்கட்டும். வங்கிக் கிளையின் அருகே என்றால் இன்னும் நல்லது. ரொக்கத்தைத் தவிர்த்து வங்கி வழியாகச் செலுத்தினால் பின்னாளில் சான்று நிற்கும். யு.பி.ஐ. செயலியில் பணம் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயரும், ரசீதில் உள்ள பெயரும், எதிரே நிற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளிலும் பெறுபவரின் கணக்குப் பெயரை அனுப்பும் முன் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் பணித்தது, அதைப் பயன்படுத்துங்கள். பிற்பாடு நீங்கள் உங்கள் கேமராவை விற்கும் நாளில் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. கியூ.ஆர். குறியை அனுப்பி, ‘ஸ்கேன் செய்து பின் எண் இடுங்கள், பணம் வரும்’ என்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

யாருக்குப் புதியதே பொருந்தும்?

கேமராவால் பிழைப்பவருக்குக் கணக்கு வேறு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒரு புகைப்படக் கலைஞர் வரி உட்பட 1,50,000 ரூபாய்க்குத் தொழிலுக்காகக் கேமரா வாங்கினால், அதில் அடங்கிய 22,881 ரூபாய் வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். எஞ்சிய தொகைக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் உண்டு. தொழில் கடனாயின் வட்டியும் செலவில் சேரும். தனியாரிடம் வாங்கும் பழைய கேமராவில் இந்த வரி வரவு கிடையாது. அதைவிட, முகூர்த்த நேரத்தில் கேமரா நின்றுபோனால் அவர் இழப்பது ஒரு வாடிக்கையாளரை மட்டுமன்று. உத்தரவாதமும் இரண்டு கார்டுத் துளைகளும் அவருக்கு ஆடம்பரம் அல்ல. அவரும் இரண்டாம் கேமராவைப் பழையதாக வாங்கலாம். முதலாவதைப் புதியதாக வாங்குவதே அவர் தொழிலுக்குத் தகும்.

வாங்கிய பின் முதல் வாரத்தில் கேமராவை நன்றாக வேலை வாங்க வேண்டும். எல்லாப் பொத்தான்களும், எல்லா வேகங்களும், ஒரு மணி நேர வீடியோவும், மங்கிய ஒளியில் நூறு படங்களும். கடை உத்தரவாதம் உள்ள பொருளின் குறை அக்கெடுவுக்குள் வெளிப்பட்டுவிட வேண்டும். மென்பொருளை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கேமராவைத் தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றையும் போட்டு வைத்தால் போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கட்டும். மழைக்காலத்தில் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்ற நேரிடும்.